உர மூட்டையில் ஈரம் எவ்வளவு? யூரியா முதல் பொட்டாஷ் வரை அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

ஈரப்பதம் என்றால் என்ன என்று டெல்டாக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திரும்பவும் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வரம்பை 22 வரை தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும். அதே ஊரில், அதே மழையில், சொசைட்டி கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும் யூரியாவுக்கும் ஈரப்பத வரம்பு உண்டு. அது 17 இல்லை, வெறும் 1.

சரி, நெல் அளக்கும் மீட்டரிலேயே ஒரு கை யூரியாவைப் போட்டுப் பார்த்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள். செய்யாதீர்கள். அந்த மீட்டர் தானியத்தின் மின் பண்பை அளந்து, நெல்லுக்கென்று முன்கூட்டியே பதிந்து வைத்த கணக்கின்படி ஈரமாக மாற்றிக் காட்டுகிறது. பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்றவை உப்புகள். துளி ஈரம் பட்டாலே அவற்றில் மின்சாரம் நன்றாக ஓடும். திரையில் ஏதோ ஓர் எண் வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது. போதாததற்கு மீட்டரின் கிண்ணமும் அரித்துப் போகும்.

உரத்தில் ஈரம் அளப்பதில் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. சூடாக்கும்போது குறையும் எடையெல்லாம் தண்ணீரின் எடை அல்ல. டிஏபியை (டை அம்மோனியம் பாஸ்பேட்) சூடாக்கினால் அம்மோனியாவும் சேர்ந்து போகும். துத்தநாக சல்பேட்டைச் சூடாக்கினால் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் நீரும் கழன்றுவிடும். ஏழு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக சல்பேட்டின் எடையில் ஏறக்குறைய 44 சதவீதம் அப்படிக் கட்டுண்ட நீர்தான். அது அந்தப் பொருளின் உடம்பிலேயே இருப்பது, மழையில் நனைந்து வந்ததில்லை. ஆகவே எல்லா உரத்துக்கும் ஒரே முறை என்று ஒன்று கிடையாது. உரத்தைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரம்பு எவ்வளவு

1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை ஒவ்வோர் உரத்துக்கும் அதிகபட்ச ஈரத்தை எடை சதவீதத்தில் சொல்கிறது. டெல்டாவில் அதிகம் புழங்குபவை இவை:

யூரியா – 1.0
அம்மோனியம் சல்பேட் – 1.0
டிஏபி – 2.5
மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் – 0.5
சூப்பர் பாஸ்பேட், தூள் – 12.0
சூப்பர் பாஸ்பேட், குருணை – 5.0

பொட்டாஷுக்கு அரை சதவீதம்தான், தூள் சூப்பருக்குப் பன்னிரண்டு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் சூப்பர் மூட்டையைத் தொட்டுப் பார்த்து “ஈரமா இருக்கே” என்று சண்டைக்குப் போகக் கூடாது. தூள் சூப்பர் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும்.

கட்டி வேறு, ஈரம் வேறு

ஐப்பசி, கார்த்திகையில் சம்பாவுக்கு மேலுரம் போட மூட்டையைப் பிரித்தால் யூரியா பாறை மாதிரி இருக்கும். உடனே ஈரமான உரம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. குருணையின் மேல்பரப்பில் ஈரம் ஏறும்போது கொஞ்சம் உரம் கரைகிறது. காற்று காய்ந்ததும் கரைந்தது திரும்பவும் படிகமாகி, பக்கத்துக் குருணையோடு ஒட்டிக்கொள்கிறது. அதுதான் கட்டி. அதாவது கட்டி என்பது முன்பு எப்போதோ ஈரம் ஏறி இறங்கியதற்கான தடம். இன்றைக்கு அளந்தால் அந்த மூட்டை வரம்புக்குள்ளேயே இருக்கலாம். மாறாக, கட்டி தட்டாமல் கையில் பிசுபிசுவென்று ஒட்டும் யூரியாவில்தான் இப்போது ஈரம் இருக்கிறது.

எந்த ஈரப்பதத்தில் உரம் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் யூரியாவுக்கு அந்த எல்லை, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 73 முதல் 75 சதவீதம். அம்மோனியம் சல்பேட்டுக்கு 79, டிஏபிக்கு 83 அளவில், பொட்டாஷுக்கு 84. வடகிழக்குப் பருவமழை நாட்களில் நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் காற்று இதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும். அதனால்தான் முதலில் கெடுவது யூரியா, கடைசி வரை தாங்குவது பொட்டாஷ். ஆனால் இரண்டையும் கலந்துவிட்டால் எல்லை 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மேலுரத்துக்கு யூரியாவையும் பொட்டாஷையும் முந்தின நாள் இரவே கலந்து வைத்தால் காலையில் நசநசவென்று நிற்பது இதனால்தான். வயலுக்குப் போய்க் கலந்துகொள்ளுங்கள். கலந்து வைத்த உரத்தை ஈரத்துக்குச் சோதிப்பதும் வீண் வேலை, மூட்டையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

முதல் வேலை: மாதிரி எடுப்பது

தவறுகளில் பெரும்பாலானவை தராசுக்குப் போகும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. ஆய்வகத்தில் நான்கு தசமம் காட்டும் தராசு இருந்து என்ன பயன், மாதிரி எடுத்தவர் கிடங்கு வாசலில் நின்று பத்து நிமிடம் பேசிக்கொண்டே எடுத்திருந்தால்?

நாளைப் பாருங்கள். மழை பெய்யும்போதும், ஈரம் சொட்டும் இடத்திலும், நேர் வெயிலிலும் எடுக்காதீர்கள். வெயிலில் எடுத்தால் உரம் காயும், மழையில் எடுத்தால் குடிக்கும்; இரண்டுமே பொய். டெல்டா மழைக்காலத்தில் காலை 11 மணிக்கு மேல், காற்றில் ஈரம் கொஞ்சம் தணியும் நேரம் வசதியானது.

எத்தனை மூட்டை? ஒரே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், 10 மூட்டைக்குக் குறைவாக இருந்தால் ஒன்று, 100 வரை இரண்டு, 200 வரை மூன்று, 400 வரை நான்கு என்று ஆணையின் அட்டவணை போகிறது. மூட்டையைக் கண்ணால் பொறுக்காதீர்கள். அட்டியின் எல்லா அடுக்கிலிருந்தும் குருட்டாம்போக்கில் வர வேண்டும். கிழிந்தது, தரையில் நேரே கிடந்தது, சுவரோரம் நனைந்தது ஆகியவற்றைத் தனிக் குப்பியில் எடுத்து, தனியாகச் சோதியுங்கள். அவற்றை நல்ல மூட்டையோடு கலந்தால் கிடங்கில் என்ன கோளாறு என்பதும் தெரியாது, கம்பெனி அனுப்பியது எப்படி என்பதும் தெரியாது.

குத்தூசி: அரிசிக் கடையில் வைத்திருக்கும் சின்ன ஊசி போதாது. 60 முதல் 65 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவு, கூம்பு முனை, பக்கவாட்டில் வாய் திறந்த குழாய் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை. துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். மூட்டையைப் படுக்க வைத்து ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகச் செலுத்துங்கள், வாய் கீழே பார்த்தபடி. உள்ளே போனதும் திருப்பி வாயை மேலே கொண்டுவந்து, லேசாகத் தட்டி, வெளியே எடுங்கள். ஓரத்து உரமும் நடு உரமும் சேர்ந்து வரும். மூட்டையின் ஓரத்தில் ஈரம் அதிகம், நடுவில் குறைவு என்பது யூரியாவில் வழக்கம். மேலாகக் கையால் அள்ளினால் ஓரத்தை மட்டும் அளந்ததாகிவிடும்.

எடுத்ததைச் சுத்தமான, காய்ந்த பாலித்தீன் விரிப்பில் கொட்டி, சீக்கிரமாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை ஒதுக்கி, திரும்பக் கலந்து, 400 கிராம் அளவுக்குக் குறையுங்கள். இந்த வேலையைச் சட்டுபுட்டென்று முடிக்க வேண்டும். அப்புறம் குப்பி. திருகு மூடி போட்ட கனமான பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் குப்பி, கழுத்து வரை நிரப்பியது. பாதி காலியாக விட்டால் அந்தக் காலியிடத்தின் ஈரக்காற்றும் சோதனையில் சேரும். மளிகைக்கடை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி அனுப்புவதை இன்றும் பார்க்கலாம். மெல்லிய கவர் வழியாக ஈரம் உள்ளேயும் வெளியேயும் போகும், ஆய்வு முடிவு அந்தக் கவரைப் பற்றியதாகவே இருக்கும்.

லேபிளில் உரத்தின் பெயர், லாட் எண், எடுத்த தேதி, நேரம், அன்றைய காற்றின் ஈரப்பதம். கடைசியை யாரும் எழுதுவதில்லை, பிறகு தேவைப்படுவது அதுதான்.

ஆய்வகத்தில்: மூடியைத் திறக்கும் முன்

குளிரூட்டிய அறையில் இருந்த குப்பியை வெளியே கொண்டுவந்து உடனே திறந்தால், குளிர்ந்த குருணையின் மேல் காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும். குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஒரே மாதிரியில் தழைச்சத்தும் மணிச்சத்தும் பார்க்கப் போகிறீர்கள் என்றாலும் ஈரத்துக்கு முதலில் எடுத்துவிடுங்கள். திறந்து மூடிய ஒவ்வொரு தடவையும் மாதிரி மாறுகிறது.

பெரிய குருணையாக இருந்தால் கல்வத்தில் போட்டு இரண்டு மூன்று முறை நசுக்கினால் போதும். மிக்ஸியில் போட்டு மாவாக்கினால் சூடேறிக் கொஞ்சம் ஈரம் போகும், பரப்பு கூடிக் கொஞ்சம் ஈரம் ஏறும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஓவன் முறை: பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும்

ஹாட் ஏர் ஓவனில் உலர்த்தும் முறையில் பொதுவான வெப்பம் 99 முதல் 100 டிகிரி, 5 மணி நேரம். ஆனால் பொட்டாஷ் உப்புகளையும் அம்மோனியம் சல்பேட்டையும் 130 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்த வேண்டும். படிகத்துக்குள் சிக்கிய ஈரம் 100 டிகிரியில் முழுதாக வெளியேறாது என்பதுதான் காரணம்.

1. கண்ணாடி எடைக் குப்பியை மூடி திறந்து ஓவனில் வைத்துக் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து மூடிய உலர் கலம்) ஆறவிட்டு, மூடியோடு எடை போடுங்கள். 0.1 மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும்.

2. ஏறக்குறைய 2 கிராம் உரத்தைப் போட்டு, உடனே மூடி, திரும்ப எடை. அடியில் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும், குவியலாக இருக்கக் கூடாது.

3. மூடியைச் சாய்த்து வைத்து ஓவனுக்குள். ஓவனின் முகப்பு எண்ணை நம்பாமல், குப்பி இருக்கும் தட்டிலேயே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

4. வெளியே எடுக்கும் கணத்திலேயே மூடிவிட்டு டெசிகேட்டருக்கு மாற்றி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான குப்பியைத் தராசில் வைத்தால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும்.

5. எடை போட்டு, இன்னொரு மணி நேரம் ஓவனில் வைத்து, மறுபடி எடை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிகிராமுக்குள் வந்தால் நிறுத்தலாம்.

கணக்கு: பொட்டாஷ். காலிக் குப்பி 28.4162 கிராம். உரத்தோடு 30.4518. ஆக உரம் 2.0356 கிராம். உலர்ந்த பின் 30.4436, குறைந்தது 0.0082. இதை 2.0356ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 0.40 சதவீதம். வரம்பு 0.5 என்பதால் தேறியது.

எட்டு மில்லிகிராம்தான் முழு விவகாரமும். ஒரு விரல் ரேகையோ, மூட மறந்த அரை நிமிடமோ இந்த எண்ணைத் தலைகீழாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குப்பியில் பார்க்க வேண்டும். கூடவே ஒரு காலிக் குப்பியையும் எல்லாப் படிகளிலும் கொண்டுபோனால், கை வேலையின் பிழை எவ்வளவு என்பது அதிலேயே தெரியும். டெசிகேட்டரின் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து வெளிறிய சிவப்புக்குப் போயிருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஓவனில் 120 டிகிரி அளவில் காயவைத்தால் நிறம் திரும்பும். நம் பக்கத்தில் மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

டிஏபி: சூடு படக் கூடாது

டிஏபியை 100 டிகிரி ஓவனில் வைத்தால் எடை குறைந்துகொண்டே போகும், நிற்காது. கதவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் வாசனை வரும். போவது அம்மோனியா. ஒரு பொருள் நிலையான எடைக்கே வர மறுத்தால், முறை தப்பு என்று அதுவே சொல்கிறது.

இதற்கு வெற்றிட டெசிகேட்டர் முறை. 2 கிராம் உரத்தை எடைக் குப்பியில் பரப்பி, பாஸ்பரஸ் பென்டாக்சைடு அல்லது மெக்னீசியம் பெர்குளோரேட் வைத்த டெசிகேட்டருக்குள், 55 சென்டிமீட்டர் பாதரச அளவு வெற்றிடத்தில், 25–30 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட வேண்டும். மாலையில் வைத்துவிட்டுப் போய்க் காலையில் எடுப்பது வசதி. சித்திரையில் தஞ்சாவூர் அறை 30ஐத் தாண்டும், அப்போது ஏசி அறைக்கு மாற்றுங்கள். காற்றைத் திரும்ப உள்ளே விடும்போது உலர்த்தும் குழாய் வழியாக மெதுவாக விடுங்கள்; சட்டென்று திறந்தால் உரம் பறக்கும், வெளியீரமும் ஏறும். மெக்னீசியம் பெர்குளோரேட் தீயைத் தூண்டும் பொருள், பஞ்சு, காகிதம், எண்ணெய் பக்கத்தில் வரக் கூடாது.

யூரியா: கார்ல் ஃபிஷர்

யூரியா 133 டிகிரி அளவில் உருகும். அதற்குக் கீழேயும் சூட்டில் மெல்லச் சிதையும், பையூரெட் என்ற வேறு பொருள் உண்டாகும். ஆகவே ஓவன் வேண்டாம். 1935இல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் கொடுத்த டைட்ரேஷன் முறை (வலிமை தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) யூரியாவுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்தும். அயோடினும் கந்தக டைஆக்சைடும் மெத்தனாலில் தண்ணீரோடு மட்டும் கணக்காக வினைபுரிகின்றன. ஒரு மூலக்கூறு தண்ணீருக்கு ஒரு மூலக்கூறு அயோடின். யூரியா மெத்தனாலில் கரைவதால் குருணைக்குள் இருக்கும் ஈரமும் வெளியே வந்துவிடும்.

கலத்தில் மெத்தனாலை ஊற்றி, அதிலேயே இருக்கும் ஈரம் தீரும் வரை அந்த அயோடின் கரைசலை, அதாவது கரணியை, விட்டு, தண்ணீர் தீர்ந்தது என்று காட்டும் முடிவுப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் கரணியின் வலிமையைக் காண வேண்டும். நுண் ஊசியால் 20 மில்லிகிராம் தண்ணீர் விட்டபோது 4.12 மில்லி செலவானது என்று வைத்துக்கொள்வோம், ஒரு மில்லிக்கு 4.854 மில்லிகிராம். ஊசியை விடும் முன்னும் பின்னும் எடை போட்டால்தான் இந்த 20 உண்மையான 20. வலிமையை அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும், நேற்றையது இன்றைக்கு உதவாது.

இப்போது யூரியா. 2.5140 கிராமைச் சட்டென்று உள்ளே போட்டு மூடி, முழுதும் கரையும் வரை கலக்கவிட்டு, டைட்ரேட் செய்யுங்கள். 3.10 மில்லி செலவானால் தண்ணீர் 15.05 மில்லிகிராம், சதவீதம் 0.60. வரம்புக்குள் இருக்கிறது.

மாதிரி போடாமலேயே கருவி கொஞ்சம் கொஞ்சமாகக் கரணியைக் குடித்துக்கொண்டிருந்தால் வெளிக்காற்று உள்ளே கசிகிறது. மூடியின் ரப்பரையும் காற்றுக் குழாயில் இருக்கும் உலர்த்தியையும் மாற்றுங்கள். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும்; ஆவியை வெளியே இழுத்துவிடும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள்தான் வேலை. இதே கருவியில் டிஏபியைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். அது மெத்தனாலில் கரையாது, அம்மோனியா வேறு வினையைக் குழப்பும்.

சூப்பர் பாஸ்பேட்

இதில் கால்சியம் பாஸ்பேட்டோடும் கால்சியம் சல்பேட்டோடும் கட்டுண்ட நீர் உண்டு. 99–100 டிகிரி, 5 மணி நேரம் என்பதை இம்மி பிசகாமல் பிடிக்க வேண்டும். அவசரத்துக்கு 130க்கு ஏற்றினால் கட்டுண்ட நீரும் சேர்ந்து போய், நல்ல உரமும் தேறாத உரமாகத் தெரியும்.

ஆய்வகம் இல்லாதவர்கள் செய்யக்கூடியது

நகைக்கடைத் தராசு 0.01 கிராம் காட்டும். 2 கிராம் பொட்டாஷில் அரை சதவீதம் என்பது 0.01 கிராம்தான், அந்தத் தராசுக்கு அது எட்டாது. ஆனால் 50 கிராம் எடுத்தால் அரை சதவீதம் 0.25 கிராம், அது நன்றாகத் தெரியும். எவர்சில்வர் தட்டில் மெல்லப் பரப்பி 130 டிகிரியில் உலர்த்தலாம். பொட்டாஷ் சூட்டுக்கு அசையாது என்பதால் ஓவன் பத்து டிகிரி கூடக் குறைந்தாலும் பெரிய கெடுதலில்லை. சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனில் மட்டும் செய்யாதீர்கள்.

யூரியாவுக்குக் காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி போதும். டிஜிட்டல் ஈரமானி ஒன்றைக் காற்றுப் புகாத ஜாடிக்குள், பாதி அளவு யூரியாவின் மேல் வைத்து மூடி, எண் நகராமல் நிற்கும் வரை சில மணி நேரம் விடுங்கள். 75ஐ ஒட்டி நின்றால் குருணையின் மேல் ஈரம் படிந்துவிட்டது. அதற்கு நன்றாகக் கீழே நின்றால் நல்ல நிலை. இது சதவீதம் சொல்லாது, எச்சரிக்கை மட்டும் சொல்லும். ஈரமானி சரியா என்று பார்க்க, சமையல் உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து அதே ஜாடியில் வைத்தால் 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளலாம். அதே ஈரமானியைக் கிடங்கில் மாட்டி, 75க்கு மேல் போகும் நாளில் யூரியா மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகக் கொட்டி வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எண் வரம்பைத் தாண்டினால்

தையல் பிரிக்காத 45 கிலோ யூரியா மூட்டையில் ஈரம் ஏறினால் தழைச்சத்து காணாமல் போவதில்லை. மூட்டையின் எடைதான் கூடும். கசிந்து ஓடியிருந்தால்தான் சத்து நட்டம். ஆனால் கிலோக் கணக்கில் சில்லறையாக வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார். 1 சதவீதம் என்றால் ஒரு மூட்டைக்கு 450 கிராம்.

நீங்களே அளந்த எண்ணை வைத்துக் கடைக்காரரிடம் பேசலாம், வழக்குக்கு அது செல்லாது. முறைப்படி மாதிரி எடுப்பது உர ஆய்வாளரின் வேலை. அவர் மூன்று பங்காக எடுத்து, படிவம் ஜே எழுதி, முத்திரை வைத்து அனுப்புவதுதான் சட்டத்தின் முன் நிற்கும். பிரித்த மூட்டையில் அவர் மாதிரி எடுக்க மாட்டார். ஆகவே சந்தேகம் வந்தால் வாங்கிய எல்லா மூட்டையையும் பிரித்துவிடாதீர்கள். அதே லாட்டில் ஒன்றையாவது மெஷின் தையலோடு, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, கடையின் பிஓஎஸ் (விற்பனை முனையக் கருவி) ரசீதை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள்.